டோகென்: 'சும்மா உட்கார்' என்றவர் பல் தேய்க்க ஏன் இத்தனை விதி எழுதினார்?

வாய்க்கால் | 3 மார்ச், மாலை

ஜப்பானில் சோட்டோ ஸென் என்ற பௌத்தத் தியான மரபைத் தொடங்கிய டோகென் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கே பார்த்தாலும் அவர் போதனையை 'சும்மா உட்கார்' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நம்முடைய 'சும்மா இரு'தானே இது? ஆனால் அதே மனிதர் மடத்துச் சமையல்காரருக்கு ஒரு நூல், உண்கலத்தைப் பிடிக்கும் முறைக்கு ஒரு நூல், முகம் கழுவ ஓர் அத்தியாயம், கழிப்பறைக்கு ஓர் அத்தியாயம் என்று எழுதித் தள்ளியிருக்கிறார். சும்மா இருக்கச் சொன்னவருக்கு இத்தனை சட்டதிட்டம் எதற்கு? வயதானபின் மடத்து நிர்வாகியாகிவிட்டார் என்பது என் கணிப்பு. தவறென்றால் சொல்லுங்கள்.

படித்துறை | 3 மார்ச், இரவு 9.10

ஆண்டுகளை வரிசைப்படுத்தினாலே அந்தக் கணிப்பு நிற்காது. பிறப்பு 1200, கியோட்டோ. சீனா போனது 1223, திரும்பியது 1227. உட்காரும் முறையைச் சொல்லும் 'ஃபுகான்ஸாஸெங்கி' எழுதியது திரும்பிய கையோடு. சமையல்காரருக்கான 'தென்ஸோ க்யோகுன்' 1237. கழிப்பறை, முகம் கழுவுதல் இரண்டும் 1239. அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது, கியோட்டோவுக்குத் தெற்கே ஃபுகாகுசாவில் கோஷோஜி என்ற சின்ன மடம். எய்ஹெய்ஜி என்ற பெரிய மடம் மலைக்காட்டில் எழுந்தது 1244இல்தான். நிர்வாகம் தலையில் ஏறுவதற்கு முன்பே எழுதிய விதிகள் இவை.

படித்துறை | 3 மார்ச், இரவு 9.50

விடை அவருடைய முதல் கேள்வியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏழு வயதில் தாயை இழந்தார். இறுதிச் சடங்கில் ஊதுவத்திப் புகை எழுந்து கரைவதைப் பார்த்தபோது நிலையாமை உறைத்தது என்று வரலாறுகள் சொல்லும். பன்னிரண்டாம் வயதில் வீட்டைவிட்டு ஹியேய் மலை மடத்துக்குப் போனார். 1213இல் தெண்டாய் என்ற பௌத்த மரபின் தலைவர் கோயென் கையால் துறவு. அங்கே ஒரு முள் தைத்தது. எல்லா உயிருக்கும் புத்த இயல்பு பிறப்பிலேயே உண்டு என்கிறார்கள். அப்படியானால் முக்காலப் புத்தர்களும் எதற்காக மெனக்கெட்டுத் தவம் செய்தார்கள்? ஹியேய் மலையில் பதில் கிடைக்கவில்லை. மீய்தேரா மடத்து கோயின் என்ற பெரியவர், "கென்னின்ஜிக்குப் போ, சீனத்துக்குப் போகும் வழி பார்" என்றார். கென்னின்ஜி மடத்தில் எய்சாய் என்ற குருவிடம் ஸென் பயின்று, பிறகு கப்பலேறினார்.

அந்தக் கேள்விக்கு அவர் கொண்டுவந்த பதில் ஒரு கோட்பாடு அல்ல. சோறு வடிப்பது, பல் விளக்குவது, முதுகை நிமிர்த்துவது, இவைதான் பதில். விதி எழுதியது போதனையிலிருந்து விலகியதால் அல்ல என்பதே என் வாதம். துண்டு துண்டாக எழுதுகிறேன்.

கல்வெட்டு | 4 மார்ச், காலை

ஒரு திருத்தம். எய்சாய் 1215இல் காலமாகிவிட்டார். டோகென் கென்னின்ஜியில் சேர்ந்தது 1217. அங்கே அவருக்கு ஆசிரியர் எய்சாயின் மாணவர் ம்யோஸென். சீனாவுக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். ம்யோஸென் 1225இல் தியான்தோங் மடத்திலேயே இறந்தார். 1227இல் டோகென் திரும்பும்போது அவருடைய அஸ்தியைச் சுமந்துகொண்டு வந்தார்.

படித்துறை | 4 மார்ச், காலை 7.30

கல்வெட்டு சொல்வதே சரி. நான் எழுதியது தவறு. சிறுவனாக எய்சாயைச் சந்தித்ததாகப் பின்னாளைய வரலாறுகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டேன். பயிற்சி முழுக்க ம்யோஸெனிடம்தான்.

இதே சாக்கில் இன்னொன்று. தியான்தோங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துறவி தூங்கி வழிய, அந்த மடத்துக் குரு ரூஜிங் அதட்ட, அந்தக் கணத்தில் டோகெனுக்கு 'உடலும் மனமும் உதிர்ந்தன' என்ற கதை எல்லா அறிமுகங்களிலும் வரும். 'உடலும் மனமும் உதிர்தல்' என்ற சொல் டோகென் எழுத்தில் பல இடங்களில் வருகிறது. ஆனால் அந்த அதட்டல் காட்சி அவருக்குப் பின் எழுதப்பட்ட வரலாறுகளில் இருப்பது. ஒரே ஒரு கணத்தில் எல்லாம் முடிந்தது என்று வைத்துக்கொண்டால், அதன்பின் இருபத்தைந்து வருடம் அவர் செய்த வேலை புரியாது.

படித்துறை | 4 மார்ச், இரவு

'சும்மா' என்ற சொல்லுக்கு வருகிறேன். மூலச்சொல் 'ஷிகான்தாஸா'. 'ஷிகான்' என்பதற்கு 'அது ஒன்றே, அதை மட்டுமே' என்று பொருள். நம் 'சும்மா இரு'வின் மரபுப் பொருள் ஆழமானது, சொல் அடங்கிய நிலை அது. பேச்சு வழக்கில் 'சும்மா' வேலையில்லாமல் கிடப்பது. இரண்டுமே இங்கே முழுசாகப் பொருந்தவில்லை. 'உட்காருவது, உட்காருவது மட்டுமே' என்று பெயர்ப்பது நெருக்கம். உட்கார்ந்து எதையோ அடையப் போகிறேன் என்ற கணக்கு அதில் இல்லை. ஆனால் உட்காரும் வேலையில் துளி அசட்டையும் இல்லை.

வாய்க்கால் | 5 மார்ச்

அந்த 'அசட்டை இல்லாத உட்காருதல்' எப்படி என்று சொல்லுங்களேன். முறையாக.

படித்துறை | 5 மார்ச், இரவு 8.20

'ஃபுகான்ஸாஸெங்கி' சொல்வதையும் இன்றைய சோட்டோ மடங்களின் வழக்கத்தையும் சேர்த்துத் தருகிறேன்.

அமைதியான அறை. வயிறு முட்டவும் கூடாது, காயவும் கூடாது. தரையில் தடித்த விரிப்பு, அதன்மேல் ஸாஃபு என்ற வட்ட மெத்தை. குறுக்களவு ஏறக்குறைய 36 செ.மீ., உள்ளே இலவம்பஞ்சு. மெத்தையின் முன்பாதியில் மட்டும் உட்கார வேண்டும். முழுத் தாமரை என்றால் வலப்பாதம் இடத்தொடை மேல், பிறகு இடப்பாதம் வலத்தொடை மேல். அரைத் தாமரை என்றால் இடப்பாதத்தை வலத்தொடை மேல் வைத்தால் போதும். இரண்டு முழங்காலும் விரிப்பில் பதியவேண்டும். முழங்கால் இரண்டும் பிட்டமும் சேர்ந்து முக்காலி. இடுப்புத் துணி இறுக்கம் கூடாது.

வலக்கையைப் பாதத்தின்மேல் மல்லாத்தி வைத்து, இடக்கையை அதன்மேல் மல்லாத்தி வைத்து, கட்டைவிரல் நுனிகள் தொட்டும் தொடாமலும். காது தோளுக்கு நேரே, மூக்கு தொப்புளுக்கு நேரே. நாக்கு மேலண்ணத்தில், முன்பற்களுக்குப் பின்னால். உதடும் பல்லும் மூடி, மூச்சு மூக்கு வழி. கண் திறந்தே இருக்கவேண்டும். பார்வை ஒரு மீட்டர் முன்னால் தாழ்ந்து விழும். சோட்டோவில் சுவரைப் பார்த்து உட்காருவார்கள். ஒரு மூச்சை நன்றாக இழுத்து முழுக்க விட்டுவிட்டு, உடலை இடமும் வலமும் பெரிதாகத் தொடங்கிச் சிறிதாக ஆட்டி நடுவில் நிறுத்துவது. எழும்போது இதே ஆட்டம் சிறிதிலிருந்து பெரிதாக.

ஓர் அமர்வு ஒரு வத்தி எரியும் நேரம், இன்று வழக்கில் 40 நிமிடம். இடையில் கின்ஹின் நடை: ஒரு மூச்சுக்கு அரை அடி. இடக்கைக் கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி பிடித்து மார்பில் வைத்து, வலக்கையால் மூடிக்கொண்டு நடப்பது.

எங்கே கெடுகிறது என்று பார்த்தால், முதல் தவறு மெத்தையின் நடுவில் ஏறி உட்காருவது. மெத்தை விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தி நரம்பை நசுக்கும், இருபது நிமிடத்தில் கால் மரத்துப்போகும். மரத்த காலோடு சட்டென்று எழுந்தால் கணுக்கால் பிசகும். உணர்வு வரும்வரை காலை நீட்டித் தேய்த்துவிட்டுத்தான் எழவேண்டும். இரண்டாவது, மெத்தை தாழ்வாக இருப்பது. இடுப்பெலும்பு பின்னால் சாயும், முதுகு கூனும், அதை ஈடுகட்டக் கழுத்து முன்னால் நீளும். முதுகை வலிந்து நிமிர்த்தி இதைச் சரிசெய்ய முடியாது, உயரத்தைக் கூட்டவேண்டும். மூன்றாவது, முழங்கால். அது கதவுக் கீல் மாதிரி மடங்கும் மூட்டு, திருகுவதற்கானது அல்ல. திருகல் இடுப்பு மூட்டில் நடக்கவேண்டும். முழங்காலின் உட்பக்கம் சுருக்கென்றால் அந்தக் கணமே காலை இறக்கிவிட வேண்டும், வைராக்கியம் காட்டக்கூடாத இடம் அது. ஒரு முழங்கால் அந்தரத்தில் நின்றால் அதன் அடியில் மடித்த துண்டு கொடுக்கலாம்.

கட்டைவிரல்கள் சரிந்து கீழே விழுந்தால் தூக்கம் வந்துவிட்டது என்று பொருள். ஒன்றையொன்று முட்டி மேடு கட்டினால் மனம் எதையோ பிடித்து இறுக்குகிறது. கண்ணாடி இல்லாமல் உங்கள் நிலையை உங்களுக்குக் காட்டுவது அந்த இரண்டு விரல்தான்.

நெற்குதிர் | 5 மார்ச், இரவு 11

கை முறையைத் தலைகீழாக எழுதிவிட்டீர்களோ? புத்தர் சிலைகளில் வலக்கைதானே மேலே?

படித்துறை | 6 மார்ச், காலை

இல்லை, எழுதியது சரி. இந்தியாவிலும் இலங்கையிலும் தியான முத்திரைச் சிலைகளில் பெரும்பாலும் வலக்கை மேலே இருக்கும். சீன ஸென் மடங்களின் வழக்கம் இடக்கை மேலே, டோகென் எழுதியதும் அதுவே. குரு ரூஜிங் அவருக்குச் சொன்ன ஓர் உபாயமும் இதோடு சேரும்: உட்காரும்போது மனத்தை இடது உள்ளங்கையில் வை என்றார். மேலே இருக்கும் கை அது. இந்த உரையாடல்களை டோகென் 'ஹோக்யோகி' என்ற குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். 1253இல் அவர் இறந்தபின் சீடர் எஜோ அதைக் கண்டெடுத்தார். இரவோ பகலோ, முறையான துறவிப் போர்வை அணிந்தோ அணியாமலோ, எப்போது வேண்டுமானாலும் கேள்வியோடு வா என்று ரூஜிங் அவருக்கு அனுமதி கொடுத்திருந்தார்.

இலவம்பஞ்சு மெத்தையைத் தண்ணீரில் நனைக்காதீர்கள், பஞ்சு கட்டிகட்டும். வெயிலில் போட்டால் உப்பும்.

நெற்குதிர் | 6 மார்ச்

உட்கார்ந்திருக்கும்போது எண்ணம் வராமல் என்ன செய்வது? அதைச் சொல்லவில்லையே.

படித்துறை | 6 மார்ச், இரவு

எண்ணத்தை நிறுத்தச் சொல்லவே இல்லை. டோகென் காட்டுவது சீனாவின் தாங் காலத்துக் குரு யாவோஷானின் பேச்சு. அசையாமல் உட்கார்ந்து எதை எண்ணுகிறீர்கள் என்று ஒரு துறவி கேட்டார். எண்ணாததை எண்ணுகிறேன் என்றார். எண்ணாததை எப்படி எண்ணுவது? 'எண்ணத்துக்கு அப்பால்.' இதற்குமேல் விளக்கினால் கெடும். நடைமுறையில் எண்ணம் வந்தால் வரட்டும், அதன் பின்னால் போகவேண்டாம், கட்டைவிரலுக்கும் முதுகுக்கும் திரும்பினால் போதும்.

படித்துறை | 8 மார்ச்

சமையலுக்கு வருகிறேன், எனக்கு இதுதான் நெஞ்சுக்கு நெருக்கம்.

1223, நிங்போ துறைமுகம். டோகென் இன்னும் கப்பலில்தான் தங்கியிருக்கிறார். ஒரு கிழத் துறவி கப்பலுக்கு வந்து ஜப்பானிய உலர் காளான் விலை கேட்கிறார். அசோகர் மலை மடத்தின் சமையல் பொறுப்பாளர், வயது 61. (ஆம், நம் அசோகச் சக்கரவர்த்தியின் பெயரில்தான் அந்த மடம்.) மறுநாள் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் விழா, துறவிகளுக்கு நல்ல விருந்தாகப் போட ஒன்றுமில்லை. நூடுல்ஸ் குழம்புக்குக் காளான் வாங்க 34, 35 லீ, அதாவது பதினேழு பதினெட்டு கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறார். இரவு தங்கிப் போங்கள் என்றால் மாட்டேன் என்கிறார். இந்த வயதில் தியானமும் நூலும் பார்க்காமல் சமையலா என்று கேட்கிறார் இருபத்து மூன்று வயது டோகென். கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். வெளிநாட்டு நண்பரே, உங்களுக்குப் பயிற்சி என்றால் என்னவென்று தெரியவில்லை, எழுத்து என்றால் என்னவென்றும் தெரியவில்லை என்றார். சில மாதம் கழித்து மறுபடி சந்தித்தபோது, எழுத்து என்றால் என்ன என்று டோகென் கேட்டார். 'ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.' பயிற்சி என்றால்? 'உலகம் முழுவதிலும் எதுவும் மறைந்திருக்கவில்லை.'

தியான்தோங்கில் இன்னொருவர், 68 வயது. உச்சி வெயிலில் தலையில் தொப்பியில்லாமல், கையில் மூங்கில் தடியோடு காளான் உலர்த்துகிறார். ஆள் வைத்துச் செய்யலாமே? 'அடுத்தவர் நான் அல்ல.' வெயில் தாழட்டுமே? 'எந்த நேரத்துக்குக் காத்திருக்க?'

பதினான்கு வருடம் கழித்து, இந்த இருவரையும் நினைத்துக்கொண்டு எழுதியதே 'தென்ஸோ க்யோகுன்'.

படித்துறை | 8 மார்ச், நள்ளிரவு

அதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விட்டேன். மதிய உணவு முடிந்ததும் மறுநாள் கஞ்சிக்கும் சோற்றுக்கும் வேண்டிய பொருளைப் பண்டகசாலையில் வாங்கி வைக்கவேண்டும். அதைத் தன் கண்மணியைப் போலக் காக்கவேண்டும். அரிசியைப் பொறுப்பாளர் தானே அரிக்கவேண்டும், ஆளிடம் விடக்கூடாது. கல்லைப் பார்க்கும்போது அரிசியையும் பார், அரிசியைப் பார்க்கும்போது கல்லையும் பார். கழுநீரைக் கண்மூடித்தனமாகக் கொட்டாதே. துணிப்பை வழியே வடித்தால் ஒரு மணியும் போகாது. உயரத்தில் வைக்கவேண்டிய பாத்திரம் உயரத்தில், தாழ வைக்கவேண்டியது தாழ. எல்லாம் ஆனபின் போர்வை அணிந்து, துறவிகள் இருக்கும் கூடத்தை நோக்கி வத்தி கொளுத்தி ஒன்பது முறை விழுந்து வணங்கிவிட்டுத்தான் உணவை அனுப்பவேண்டும்.

வணக்கம் புத்தர் சிலைக்கு அல்ல, சாப்பிடப் போகிறவர்களுக்கு. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறேன்.

அறுசுவை அவர்களுக்கும் உண்டு, ஆனால் ஆறாவது வேறு. கசப்பு, புளிப்பு, இனிப்பு, காரம், உப்பு ஐந்தும் பொது. நமக்குத் துவர்ப்பு வரும் இடத்தில் அவர்களுக்கு 'வெறுஞ்சுவை': பொருளின் சொந்த ருசி மேலெழும்படி எதையும் கூட்டாமல் விட்ட சுவை. கீரைக் குழம்பானாலும் பால் சேர்த்த உயர்ந்த உணவானாலும் ஒரே மனத்தோடு செய் என்றார். மலிவான காயென்று கை தளர்வதும், உசத்தியான பொருளென்று கை விறைப்பதும் இரண்டும் ஒரே நோய்.

கல்வெட்டு | 9 மார்ச்

தலைப்பில் உள்ள பல் விஷயத்தை மறந்துவிட்டீர்கள்.

படித்துறை | 9 மார்ச், இரவு

மறக்கவில்லை. சீன மடங்களில் டோகென் கண்டது: பல்குச்சி வழக்கம் அழிந்துபோய்விட்டது. குதிரை மயிரை மாட்டுக்கொம்பில் பதித்த தூரிகையால் சிலர் பல் தேய்த்தார்கள். பலருக்கு அதுவுமில்லை; எட்ட நின்று பேசினாலும் வாய் நாற்றம் தாங்கவில்லை என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார், பெரிய குருமார் உட்பட. புத்தர் காலத்து விநயத்தில், அதாவது துறவியர் ஒழுங்கு விதிகளில், பல்குச்சி உண்டு, அதை மீட்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். வில்லோ மரக்குச்சி, நான்கு விரற்கிடை முதல் பதினாறு விரற்கிடை வரை நீளம். ஒரு முனையை நாராகும்படி மெல்லவேண்டும், பல்லின் முன்னும் பின்னும் தேய்க்கவேண்டும், ஈறையும் தேய்க்கவேண்டும், நாக்கை வழிக்கவேண்டும். வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் பிடித்த ஊர்க்காரர்களுக்கு இதில் புதுசு ஒன்றுமில்லை. ஜப்பானில் அன்று குச்சி இருந்தது, முகம் கழுவும் முறை இல்லை, சீனாவில் அதற்கு நேர்மாறு என்றும் ஒப்பிட்டிருக்கிறார்.

கழிப்பறை அத்தியாயத்தில் கை கழுவச் சாம்பலால் மூன்று முறை, மண்ணால் மூன்று முறை, பிறகு சீயக்காய் போல நுரைக்கும் ஒரு காய்ப்பொடியால் ஒரு முறை, ஆக ஏழு.

ஞானம் அடைந்தபின் பயிற்சி தேவையில்லை என்பவருக்கும், பயிற்சி முடிந்தபின் ஞானம் வரும் என்பவருக்கும் சேர்த்துச் சொன்ன பதில் இது. பயிற்சியும் ஞானமும் ஒன்றேதான் என்று 1231இல் 'பெண்டோவா'வில் எழுதினார். அப்படியானால் கை கழுவும் நேரம் அதற்கு வெளியே இருக்க முடியாது.

நெற்குதிர் | 10 மார்ச்

போதிதருமர் காஞ்சிபுரத்துக்காரர் அல்லவா? அப்படிப் பார்த்தால் டோகென் மரபே நம்முடையது!

கல்வெட்டு | 10 மார்ச்

பொறுமையாகப் போவோம். பொ.ஆ. 547ஐ ஒட்டி எழுதிய சீனர் யாங் சுவான்ஸி அவரைப் பாரசீகத்தவர் என்கிறார். தான்லின் என்பவரின் முன்னுரை தென்னிந்திய அரசரின் மூன்றாம் மகன் என்கிறது. அந்த நாட்டின் பெயரைக் காஞ்சியோடு இணைப்பது பின்னால் வந்தது. டோகென் தென்னிந்திய இளவரசர் என்ற மரபை ஏற்று எழுதியிருக்கிறார், அவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்.

படித்துறை | 10 மார்ச், இரவு

'நம்முடைய மரபு' என்ற பேச்சு டோகெனுக்கே பிடிக்காது. முதல் கேள்வியில் 'சோட்டோ ஸென் மரபைத் தொடங்கியவர்' என்று இருந்தது. 1243இல் எழுதிய 'புத்சுதோ'வில் 'ஸென் பிரிவு' என்ற பெயரையே கடுமையாகத் தாக்குகிறார். புத்தரின் வழி என்று ஒன்றே உண்டு, அதைப் பிரித்துப் பெயர் வைத்தவர்களுக்கு அது புரியவில்லை என்பது அவர் வாதம். அவருடைய மடத்தின் பெயரையும் பாருங்கள். அதே 1243இல் ஹதானோ யோஷிஷிகே என்ற பிரபுவின் அழைப்பில் எச்சிஸென் நாட்டுக்குப் போனார், மறுவருடம் எழுந்த மடத்துக்கு முதல் பெயர் தாய்புத்சுஜி. 1246இல் எய்ஹெய்ஜி என்று மாற்றினார். எய்ஹெய் என்பது பௌத்தம் சீனாவுக்கு வந்ததாக மரபு சொல்லும் ஹான் பேரரசர் மிங்கின் ஆட்சியாண்டுப் பெயர். தன் பெயரோ பிரிவின் பெயரோ வைக்கவில்லை. இன்று ஜப்பானில் சுமார் 14,000 சோட்டோ கோயில்கள் இருப்பதற்குக் காரணம், அவருக்கு நான்காம் தலைமுறையில் வந்த கெய்ஸானும் அவர் வழி வந்தவர்களும் மக்களிடம் கொண்டுபோன பாங்கு. தலைமை மடமும் இரண்டு: எய்ஹெய்ஜி ஒன்று, கெய்ஸான் நிறுவிய சோஜிஜி மற்றொன்று.

வாய்க்கால் | 12 மார்ச்

என் நிர்வாகிக் கணிப்பை விட்டுவிடுகிறேன். ஆனால் பிற்காலத்தில் துறவிகளுக்கு மட்டும் என்று குறுகிவிட்டார் என்று சொல்கிறார்களே?

படித்துறை | 12 மார்ச், இரவு

அதை மறுக்க முடியாது. 1231இல் ஆணோ பெண்ணோ, இல்லறத்தாரோ அரசு வேலைக்காரரோ, மனம் இருந்தால் போதும் என்றார். 1240இல் 'ராய்ஹாய் தொகுஸுய்'யில், அறம் உணர்ந்தவள் ஏழு வயதுச் சிறுமியானாலும் குருவாக வணங்கு என்றார். பெண்கள் நுழையக்கூடாத புனித எல்லைகளைக் கேலிக்கூத்து என்று சாடினார். மலைக்குப் போனபின் எழுதியவற்றில் துறவே வழி என்ற அழுத்தம் கூடுகிறது. முந்தையதை மட்டும் எடுத்துக்கொண்டு பிந்தையதை மறைப்பது நேர்மையில்லை. விதிகள் முன்பே இருந்தன என்று நான் முதல் நாள் சொன்னது நிற்கும். யாருக்கான விதிகள் என்பது மாறியது, அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

படித்துறை | 13 மார்ச், காலை 5.45

ஒன்று விட்டுப்போனது. 1233இல் கியூஷூவைச் சேர்ந்த ஓர் இல்லறச் சீடருக்கு எழுதிக் கொடுத்த 'கென்ஜோகோவான்'. அதன் கடைசியில் மாகு மலையின் குரு பாவ்சேயின் கதை வருகிறது. கோடையில் விசிறிக்கொண்டிருக்கிறார். ஒரு துறவி கேட்கிறார்: காற்றின் இயல்பு நிலையானது, அது எட்டாத இடமே இல்லை; பிறகு எதற்கு விசிறுகிறீர்கள்? காற்று நிலையானது என்று தெரிகிறது, எட்டாத இடமில்லை என்பதன் பொருள் உனக்குத் தெரியவில்லை என்கிறார் பாவ்சே. அந்தப் பொருள் என்ன என்று கேட்டபோது பதில் சொல்லவில்லை. விசிறிக்கொண்டே இருந்தார்.

ஹியேய் மலைச் சிறுவனின் கேள்வியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காற்று என்ற இடத்தில் புத்த இயல்பு என்று போட்டால் ஒரே வாக்கியம்.

வாய்க்கால் | 13 மார்ச்

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

முழங்கால் வலி உள்ள ஒருவருக்காகக் கேட்கிறேன், நாற்காலியில் உட்காரலாமா?

படித்துறை | 13 மார்ச், இரவு

தாராளமாக. சாய்மானத்தில் முதுகு படாமல் இருக்கையின் முன்பாதியில் உட்காரச் சொல்லுங்கள். பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் பதியவேண்டும், இடுப்பு முழங்காலைவிட ஒரு கட்டைவிரல் அளவு உயர்ந்திருக்கவேண்டும். கால் எட்டவில்லை என்றால் பாதத்துக்கு அடியில் பலகை போடுங்கள். கை, கண், நாக்கு எல்லாம் மேலே சொன்னதுதான். முதல் வாரம் பத்து நிமிடம் போதும். மெத்து மெத்தென்ற சோபா மட்டும் வேண்டாம், இடுப்பு புதைந்து முதுகு கூனிவிடும்.